ஒரு முழ தூரத்துக் கராத்தே: தற்காப்புக்காகச் சேரும் பெரியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

வண்டியைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னதில் ஆரம்பிக்கும். "நீ யாரு சொல்றதுக்கு?" என்று அடுத்த பேச்சு வரும். அப்புறம் நெஞ்சில் ஒரு தள்ளு, சட்டையில் ஒரு பிடி. பிடித்த கை அப்படியே இருக்க, மற்றக் கை கன்னத்தை நோக்கி வீசும். பெரியவர்கள் மாட்டிக்கொள்ளும் கைகலப்பு பெரும்பாலும் இந்த வரிசையில்தான் போகிறது. பெண்களுக்கு நடப்பது வேறு மாதிரி: மணிக்கட்டைப் பிடிப்பது, பின்னாலிருந்து தோளில் கை வைப்பது, பேருந்து நெரிசலில் உரசுவது. எதுவானாலும் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு முழம்கூட இருப்பதில்லை.

நான் 38 வயதில் கராத்தே சேர்ந்தேன். திருச்சியில், ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடக்கும் மாலை கிளாஸ். 12 வருடம் ஓடிவிட்டது. இப்போது பெரியவர்கள் பேட்சில் மாஸ்டருக்குத் துணையாக நிற்கிறேன். இத்தனை நாளில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். தற்காப்புக்காகக் கராத்தே கற்கிற பெரியவர், அந்த ஒரு முழ தூரத்தில் இன்னொரு உடம்பைத் தொட்டு, பிடித்து, தள்ளிப் பழக வேண்டும். காற்றில் ஆயிரம் குத்து குத்தினாலும் சட்டையைப் பிடித்த கை எப்படி இழுக்கும் என்பது உடம்புக்குத் தெரியாது.

இது புதுக் கருத்தும் இல்லை. கராத்தே பிறந்த ஜப்பானியத் தீவான ஒகினாவாவில் அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோன இட்டோசு அங்கோ, 1908 அக்டோபரில் பத்துக் குறிப்புகள் எழுதி வைத்தார். இந்தக் கலை ஒரு எதிரியோடு நின்று மோதிப் பார்ப்பதற்கு ஏற்பட்டது இல்லை, ரவுடியோ கொள்ளையனோ வந்து மறித்தால் அடிபடாமல் தப்புவதற்கு ஏற்பட்டது என்று முதல் குறிப்பிலேயே சொல்லிவிட்டார். இன்று நாம் டிவியில் பார்ப்பது அதிலிருந்து வளர்ந்த விளையாட்டு. 8 மீட்டருக்கு 8 மீட்டர் களம், நடுவர், குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் உதைக்கு 2, தலைக்கு உதைக்கு 3. எட்ட நின்று பாய்ந்து தொட்டுவிட்டு விலக வேண்டும். பிடித்துக்கொண்டு நின்றால் நடுவர் பிரித்துவிடுவார். அழகான விளையாட்டு அது, பிள்ளைகள் அதை ஆடுவதில் எனக்கு மிகுந்த சந்தோஷம். ஆனால் பார்க்கிங்கில் சட்டையைப் பிடித்தவனைப் பிரிக்க நடுவர் வரமாட்டார். அதனால் எந்தக் கராத்தேயைக் கற்கப் போகிறோம் என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் படி: கிளாஸைத் தேர்ந்தெடுப்பது

அட்மிஷன் போடும் முன் இரண்டு நாள் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். "பெரியவங்க பேட்ச் நடக்கும்போது பார்க்கலாமா?" என்று கேட்டால் நல்ல மாஸ்டர் யாரும் மறுக்க மாட்டார். பார்க்க விடாத இடம் என்றால் வேறு இடம் தேடுங்கள்.

என்ன பார்க்க வேண்டும்? முதலில், பெரியவர்களுக்குத் தனி பேட்ச் இருக்கிறதா. பத்து வயதுப் பிள்ளைகளின் பின்வரிசையில் 45 வயதுக்காரரை நிறுத்தி அதே தவளைப் பாய்ச்சலைச் செய்யச் சொன்னால் அவர் மூட்டு மூன்று மாதம் தாங்காது. இரண்டாவது, ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் ஜோடியாகப் பழகுகிறார்கள் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிடுங்கள். பாதி நேரமாவது ஜோடிப் பயிற்சியோ பேடு (ஜோடி பிடித்திருக்கும் மெத்தை) அடிப்பதோ இருந்தால் நல்லது. முழு நேரமும் வரிசையில் நின்று காற்றில் குத்தினால் அது நல்ல உடற்பயிற்சி, தற்காப்புக்குப் போதாது. மூன்றாவது, ஒருவர் "போதும்" என்று தட்டியவுடன் மற்றவர் உடனே விடுகிறாரா. இதில் ஒரு நொடி தாமதம்கூட நான் பொறுக்க மாட்டேன்.

பணத்தைப் பற்றியும் கூச்சப்படாமல் கேளுங்கள். மாதக் கட்டணம் எவ்வளவு, பெல்ட் டெஸ்டுக்கு எவ்வளவு, வருடத்தில் எத்தனை டெஸ்ட், யூனிஃபார்மை அவர்களிடமே வாங்க வேண்டுமா. மாதக் கட்டணத்தைக் குறைவாகச் சொல்லிவிட்டு டெஸ்ட், முகாம், சான்றிதழ் என்று அடுத்தடுத்து வசூலிக்கும் இடங்கள் இருக்கின்றன. ஒரு வருடத்தில் பிளாக் பெல்ட் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஒழுங்காக நடக்கும் கிளாஸில் வாரம் இரண்டு மூன்று நாள் போகிறவருக்கு அது குறைந்தது மூன்று முதல் ஐந்து வருடம்.

பெண்கள் சேர்வதானால் இன்னும் ஒன்று: தொட்டுச் செய்யும் பயிற்சியில் மாஸ்டர் கேட்டுவிட்டுத் தொடுகிறாரா என்று பாருங்கள். "உங்க தோளைப் பிடிக்கப் போறேன், சரியா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கும் பழக்கம் உள்ள கிளாஸில் பெண்கள் நீண்ட நாள் நிற்கிறார்கள்.

ஷோட்டோகானா, கோஜு ரியூவா, ஷிட்டோ ரியூவா என்று பாணியைப் பற்றி ரொம்பக் குழம்ப வேண்டாம். உங்கள் ஊரில் எது நன்றாக நடக்கிறதோ அது போதும். சொல்லிக்கொடுப்பவர் யார், பக்கத்தில் நின்று பழகுபவர்கள் யார் என்பதுதான் முக்கியம்.

இரண்டாம் படி: உடம்பைத் தயார் செய்வது

40 தாண்டியவர் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவது நல்லது. பிபி இருப்பவர்கள் மாஸ்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கட்டா என்பது தனியாக, வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொகுப்பு. சாஞ்சின் போன்ற கட்டாக்களில் உடம்பை முழுக்க இறுக்கி மூச்சை அழுத்திச் செய்வார்கள். மூச்சைப் பிடித்து இறுக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். அவர்கள் அதே அசைவைத் தளர்வாக, மூச்சு ஓட்டத்தோடு செய்யலாம்.

சர்க்கரை இருப்பவர்களுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் இதை யாரும் கிளாஸில் பேசுவதில்லை. கராத்தே வெறுங்காலில் செய்வது. மொட்டை மாடியிலும் சிமெண்ட் தரையிலும் நடக்கும் கிளாஸ்கள் நிறைய. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது. கிளாஸ் முடிந்ததும் கால் கழுவித் துடைத்து, உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். உணர்ச்சி குறைவு என்று டாக்டர் சொல்லியிருந்தால் மென்மையான ஷூ போட்டுச் செய்ய அனுமதி கேளுங்கள். நல்ல மாஸ்டர் கொடுப்பார். வெறும் வயிற்றோடும் வர வேண்டாம். ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

வாங்க வேண்டியது அதிகம் இல்லை. முதல் மாதம் டிராக் பேண்டும் பழைய டீ சர்ட்டும் போதும். நிலைத்து வருவோம் என்று தெரிந்த பிறகு யூனிஃபார்ம். ஜோடிப் பயிற்சி தொடங்கும்போது பல்லுக்கு மவுத் கார்டு, கைக்கு மெத்தை உறை, ஆண்களுக்கு அடிவயிற்றுக் காப்பு. நகத்தை ஒட்ட வெட்டி வருவதற்குக் காசு ஆகாது, அதை மறப்பவர்தான் அதிகம்.

மூன்றாம் படி: முதலில் விழக் கற்பது

நான் முதலில் சேர்ந்த இடத்தில் இரண்டாவது வாரமே ஒருவர் என் காலைத் தட்டிவிட்டார். எப்படி விழுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. கையை ஊன்றினேன். மணிக்கட்டு வீங்கி ஆறு வாரம் கட்டோடு அலைந்தேன். அந்த வலியால்தான் இதைத் தனிப் படியாக வைக்கிறேன்.

விழும்போது கையை ஊன்றுவது மனிதனுக்கு இயல்பு. அந்த இயல்பைத்தான் மாற்ற வேண்டும். பாயில் குத்துக்காலிட்டு உட்காருங்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டி, பார்வையை உங்கள் பெல்ட் முடிச்சில் வையுங்கள். தலையின் பின்பக்கம் தரையில் மோதாமல் காப்பது இந்த ஒரு செயல்தான். இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன் கோத்து, பின்னால் உருளுங்கள். முதுகு வளைவாக இருக்கட்டும். தோள்பட்டை தரையைத் தொடும்போது இரண்டு முன்கைகளாலும் பாயை அறையுங்கள். கை உடம்பிலிருந்து சாய்வாக, ஏறக்குறைய 45 டிகிரியில் விரிந்திருக்க வேண்டும். அறையும்போது மூச்சு வெளியே போகட்டும். உள்ளங்கை மட்டும் அடித்தால் மணிக்கட்டு வாங்கும். முழங்கை முதல் விரல் வரை ஒரே நேரத்தில் விழ வேண்டும்.

உட்கார்ந்து ஐம்பது முறை சரியாக வந்த பிறகு பாதி நின்று, அப்புறம் முழுசாக நின்று. பெரியவர்களுக்கு இதற்கு ஒரு மாதம் கொடுங்கள். யாரும் அடிக்க வராவிட்டாலும் இது வீண் போகாது. எங்கள் கிளாஸில் 60 தாண்டிய ஒருவர் குளியலறையில் வழுக்கியபோது தாடையை நெஞ்சில் ஒட்டி விழுந்து தலையைக் காப்பாற்றிக்கொண்டார். அதைச் சொல்லும்போது அவர் கை நடுங்கியது எனக்கு மறக்கவில்லை.

நான்காம் படி: எதால் அடிப்பது

மூடிய கையால் மண்டையில் குத்தினால் குத்தியவர் கைதான் முதலில் உடையும். சுண்டு விரலுக்குக் கீழே உள்ள எலும்பு மெல்லியது, மண்டை ஓடு தடித்தது. பல வருடம் பழகிய குத்துச்சண்டை வீரர்களே கையில் துணி சுற்றி, கிளவுஸ் போட்டுத்தான் குத்துகிறார்கள். அதனால் பெரியவர்கள் முதல் ஆறு மாதம் உள்ளங்கையின் அடிப்பகுதி, முன்கை, முழங்கை, முழங்கால் இவற்றையே நன்றாகப் பழகட்டும். உதை இடுப்புக்கு மேலே போக வேண்டியதில்லை. கணுக்காலுக்கு மேலே உள்ள எலும்பில் ஷூ விளிம்பால் ஒரு உதை, தொடையின் பக்கவாட்டில் ஒரு உதை. வேட்டியிலும் புடவையிலும் இருந்துகொண்டு செய்ய முடிகிறவை இவைதான்.

பேடை அடிக்கும்போது கையால் மட்டும் தள்ளாதீர்கள். பின்னங்கால் குதி தரையை அழுத்த, இடுப்பு திரும்ப, கடைசியில் கை போகும். ஆட்டுக்கல்லைச் சுற்றியவர்களுக்கு இது சீக்கிரம் புரியும்: கை பிடித்திருக்கும், சுற்றுவது இடுப்பு.

ஐந்தாம் படி: கட்டாவுக்குள் இருப்பதை வெளியே எடுப்பது

கட்டாவை வெறும் நடனம் என்று நினைத்து வெறுப்பவர்கள் பெரியவர்கள் பேட்சில் நிறைய. நானும் முதல் வருடம் அப்படித்தான் இருந்தேன். ஒரே ஒரு கேள்விதான் என்னை மாற்றியது: குத்தும்போது மற்றக் கை ஏன் இடுப்புக்கு வருகிறது?

எதிரே ஒருவர் குத்த நிற்கும்போது ஒரு கையை இடுப்பில் வைத்திருந்தால் முகம் திறந்து கிடக்கும். அப்படியிருக்க எல்லாக் கட்டாவிலும் அந்தக் கை ஏன் பின்னால் வருகிறது? வெறுங்கையாக வரவில்லை, அதனால்தான். அது எதிரியின் மணிக்கட்டையோ சட்டைக் கையையோ பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறது. ஜப்பானியப் பெயர் ஹிகிதே, இழுக்கும் கை என்றே பொருள். இது புரிந்த அன்று கட்டா முழுக்க வேறாகத் தெரிந்தது.

ஒரு அசைவை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். முதல் நாள் சொல்லித்தரும் கெடான் பராய், அதாவது "கீழ் பிளாக்". இடது கை வலது காதருகே போகும், வலது கை முன்னால் நீளும். பிறகு இடது முன்கை சரிவாகக் கீழே வர, வலது கை இடுப்புக்குத் திரும்பும். உதையைத் தடுக்க என்று சொல்லித்தருவார்கள். இப்போது எதிரே இருப்பவர் தன் வலது கையால் உங்கள் வலது மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார் என்று வையுங்கள்.

எங்கள் பேட்சில் 52 வயது அக்கா ஒருவர், வங்கியில் வேலை. அவருக்கு ஜோடி, கல்லூரி முடித்த ஒரு தம்பி. தம்பி மணிக்கட்டைப் பிடித்தான். அக்கா கையை உதறி உருவப் பார்த்தார், வரவில்லை. "இன்னும் இறுக்கிப் பிடி தம்பி, விளையாட்டுக்குப் பிடிக்காதே" என்றார். மறுபடி. இந்த முறை பிடிபட்ட வலது கையை உருவாமல், உள்ளங்கையைப் புரட்டி அவன் மணிக்கட்டையே பற்றினார். பற்றிய கையை இடுப்புக்கு இழுத்தார். அவன் கை நீண்டு நிமிர்ந்தது. அந்த நேரத்தில் அக்காவின் இடது முன்கை, காதருகிலிருந்து இறங்கி அவன் முழங்கைக்கு நாலு விரல் மேலே உட்கார்ந்தது. இடுப்பைத் திருப்பி அழுத்தினார். தம்பி வயிறு மடங்கிக் குனிந்து, தொடையைத் தட்டினான். அக்கா விட்டுவிட்டுத் தன் இடது முன்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தனை மாசமா காத்துல இதைத்தானா செஞ்சிட்டிருந்தேன்?" என்று கேட்டார்.

மூன்று இடத்தில் இது தவறும். இழுக்கும் கை இடுப்பு வரை வராமல் பாதியில் நின்றால் முழங்கை மடங்கியே இருக்கும், அழுத்தம் விழாது. முன்கை மூட்டின் மேலேயே விழுந்தால் பயிற்சியில் ஜோடிக்குக் காயம் ஆகும். அதனால் நாலு விரல் மேலே, மெதுவாக. மூன்றாவது, பலசாலி ஒருவர் முறுக்கேறிப் பிடித்திருந்தால் பிடி புரளவே புரளாது. அப்போது முதலில் அவர் கவனம் சிதற வேண்டும்: கணுக்காலுக்கு மேலே ஒரு உதை, அல்லது முகத்துக்கு நேரே திறந்த கை. கட்டாவில் ஒரு அசைவு தனியாக வராமல் வரிசையாக வருவதற்குக் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். ஒன்று பலிக்காத இடத்தில் அடுத்தது இருக்கிறது.

உங்கள் மாஸ்டரிடம் பணிவாகக் கேளுங்கள்: "மாஸ்டர், இந்த அசைவை ஒருத்தர் என்னைப் பிடிச்சிருக்கும்போது செஞ்சு காட்டுவீங்களா?" இதற்குப் புங்காய் என்று பெயர். பெரியவர்கள் கேட்க ஆரம்பித்தால் பல மாஸ்டர்கள் தாங்கள் கற்றதை ஆர்வமாக வெளியே எடுப்பார்கள்.

ஆறாம் படி: ஜோடிப் பயிற்சியின் ஏற்றம்

எந்த உத்தியையும் இந்த வரிசையில் ஏற்றுங்கள்.

1. ஜோடி ஒத்துழைக்கிறார். மெதுவாக, அசைவு புரியும் வரை.
2. அதே பிடி, உண்மையான இறுக்கத்தோடு.
3. பிடித்துக்கொண்டு இழுக்கிறார், தள்ளுகிறார். நீங்கள் நகர்ந்துகொண்டே செய்ய வேண்டும்.
4. எந்தப் பிடி வரும் என்று உங்களுக்குத் தெரியாது.
5. பேச்சிலிருந்து தொடங்கும் முழுக் காட்சி.

இரண்டிலேயே நின்றுவிடுகிற கிளாஸ்கள் அதிகம். ஒன்றைத் தாண்டி நேராக நான்குக்குப் போகிறவர்களுக்கு அடிபடுகிறது. கோஜு ரியூ கிளாஸாக இருந்தால் காகியே பயிற்சி இருக்கும்: இருவரும் மணிக்கட்டை மணிக்கட்டோடு ஒட்டவைத்து, மாவு ஆட்டுவது போல முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். ஒரு வாய்ப்பு கிடைத்ததும் ஒருவர் பிடிப்பார், மற்றவர் தப்புவார். கண்ணால் பார்ப்பதற்கு முன்பே தோல் வழியாக எதிராளியின் எண்ணம் தெரிய ஆரம்பிக்கும். ஒரு முழ தூரத்துக்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் பார்த்ததில்லை. வேறு பாணி கிளாஸிலும் மாஸ்டரின் அனுமதியோடு இதைச் செய்யலாம்.

மாதத்தில் ஒரு நாள் யூனிஃபார்மை வீட்டில் வைத்துவிட்டு, வேலைக்குப் போகும் உடையில் பழகுங்கள். துப்பட்டா, ஹேண்ட்பேக், செருப்பு, கையில் ஹெல்மெட். ஹால் நடுவில் வேண்டாம். சுவரோரம், மாடிப்படி, இரண்டு பைக்குகளுக்கு நடுவே. எங்கள் ஆட்கள் முதல் முறை இதைச் செய்தபோது, தோளில் மாட்டிய பையை விட மனமில்லாமல் ஒரு கையாலேயே சமாளித்தார்கள். பையைக் கீழே போடுவதையும் பழக வேண்டியிருந்தது.

ஏழாம் படி: வாயும் காலும்

இதை முதல் படியாகவே வைத்திருக்கலாம், அவ்வளவு முக்கியம். சண்டை கைக்கு வருவதற்கு முன் வாயில் இருக்கிறது. நம் தமிழில் அது எங்கே பற்றிக்கொள்ளும் என்று எல்லாருக்கும் தெரியும்: "நீங்க" "நீ" ஆகும் இடத்தில். "யாரைப் பார்த்து வாடா போடாங்குற?" என்று வந்துவிட்டால் அப்புறம் விஷயம் வண்டியைப் பற்றியது இல்லை, மானத்தைப் பற்றியது. எதிரே இருப்பவர் என்ன பேசினாலும் "ங்க"-வை விடாமல் பேசப் பழகுங்கள். கிளாஸிலேயே ஒருவர் திட்ட, மற்றவர் "சரிங்க, என் மேலதான் தப்பு, நான் கிளம்புறேங்க" என்று சொல்லிக்கொண்டே பின்வாங்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். நிஜமாகத் திட்டச் சொல்லிப் பாருங்கள், தொண்டை வறண்டுவிடும்.

அப்படிப் பேசும்போது கை எங்கே இருக்க வேண்டும்? நெஞ்சுக்கு முன்னால், உள்ளங்கை வெளியே தெரிய, "பொறுங்க, பொறுங்க" என்று சொல்கிற மாதிரி. பார்ப்பவர்களுக்குச் சமாதானம் பேசுவதாகத் தெரியும்; கை மட்டும் தயாராக நடுவில் நிற்கும். ஒரு கால் அரை அடி பின்னால். முஷ்டி மடக்கி நின்றால் சண்டைக்கு நீங்கள் அழைத்ததாக ஆகிவிடும், அக்கம்பக்கக் கேமராவிலும் அப்படித்தான் பதியும்.

பெண்கள் கத்தும்போது என்ன வார்த்தை கத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். "விடு!" என்று மட்டும் கத்தினால் சுற்றி நிற்பவர்கள் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று ஒதுங்கிப் போவார்கள். "இவர் யாருன்னே எனக்குத் தெரியாது! விடச் சொல்லுங்க!" என்று கத்துங்கள். கூட்டத்தைப் பொதுவாகக் கூப்பிடாமல் ஒருவரைச் சுட்டுங்கள்: "நீலச் சட்டை அண்ணே, 112-க்குப் போன் போடுங்க!" 112 எல்லா அவசரத்துக்கும் பொது எண். 181 பெண்கள் உதவி எண். இரண்டையும் இன்றே போனில் போட்டுவையுங்கள். கத்துவதையும் கிளாஸில் பழக வேண்டும். "கியா" என்று அடிக்கும்போது கத்தச் சொல்வதன் பயன் இங்கே வந்து சேர்கிறது.

கத்தியோ அரிவாளோ கையில் இருந்தால், செயினைக் கேட்டால் செயின், பர்ஸைக் கேட்டால் பர்ஸ். தூர எறிந்துவிட்டு எதிர்த்திசையில் ஓடுங்கள். கிளாஸில் ரப்பர் கத்தியை மடக்கிப் பிடுங்கும் உத்திகள் சொல்லித்தருவார்கள். ஜோடி ஒரு முறை குத்திவிட்டுக் கையை நீட்டியபடி நிற்பதால்தான் அது பலிக்கிறது. நிஜத்தில் குத்துகிறவன் கையைப் பின்னுக்கு இழுத்து இழுத்துப் பலமுறை குத்துவான். நம்பிக்கை வரவில்லை என்றால் ரப்பர் கத்திக்குப் பதில் வெள்ளைச் சட்டையும் சிவப்பு மார்க்கர் பேனாவும் வைத்துப் பழகிவிட்டு, அப்புறம் சட்டையில் விழுந்த கோடுகளை எண்ணிப் பாருங்கள்.

எட்டாம் படி: சட்டம்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இவை 96 முதல் 106 வரை இருந்தன. சாரம் இது: உங்கள் உடம்பையும் இன்னொருவர் உடம்பையும் காக்கச் செய்வது குற்றமாகாது. அடி விழும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தாக்கப்படுவோம் என்ற நியாயமான அச்சம் வந்ததும் உரிமை தொடங்குகிறது, அந்த அச்சம் இருக்கும் வரை நீடிக்கிறது. ஆனால் தற்காக்கத் தேவையானதைவிட அதிகம் தீங்கு செய்ய அனுமதி இல்லை. கீழே விழுந்து கிடப்பவரை மேலும் இரண்டு உதை உதைத்தால் நீங்கள் தாக்கியவர் ஆகிவிடுவீர்கள்.

அதனால் எங்கள் பேட்சில் ஒவ்வொரு உத்தியும் ஓட்டத்தில்தான் முடியும். பிடி விட்டதும் நின்று பார்க்காமல் ஹால் வாசல் வரை ஓடித் தொட்டுவிட்டு வர வேண்டும். பல மாதம் இப்படிச் செய்தால் அடித்த பிறகு நின்று ரசிக்கும் பழக்கம் உடம்பில் ஏறாது.

ஒன்பதாம் படி: வாரக் கணக்கு

வாரம் இரண்டு நாள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் என்றால் நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: 15 நிமிடம் உடம்பைச் சூடாக்குவது, விழுந்து எழுவதும் அதிலேயே. 15 நிமிடம் அடிப்படை அசைவுகளும் கட்டாவும். 20 நிமிடம் பேடு. 25 நிமிடம் ஜோடிப் பயிற்சி. 10 நிமிடம் பேச்சோடு கூடிய காட்சி. மீதி 5 நிமிடம் தசைகளைத் தளர்த்துவது. வீட்டில் தினம் பத்து நிமிடம் கட்டாவை மெதுவாக, எதிரே ஆள் இருப்பதாக நினைத்துச் செய்தால் போதும்.

காயத்தை வீரமாக நினைக்க வேண்டாம். விரல் மடங்கியது, கணுக்கால் பிசகியது என்றால் ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள், இரண்டு நாளில் குறையாவிட்டால் டாக்டரைப் பாருங்கள். தலையில் அடிபட்டால் அன்று கிளாஸ் அதோடு முடிந்தது, "பரவாயில்லை" என்று சொன்னாலும் ஓரமாக உட்கார வையுங்கள். வாந்தி, குழப்பம், தூக்கக் கலக்கம், தலைவலி அதிகமாவது, இதில் எது வந்தாலும் ஆஸ்பத்திரி. முழங்கால் வலிப்பவர்கள் முன்காலை மடக்கிப் பின்காலை நீட்டி நிற்கும் ஜென்குட்சு நிலையைக் குறுக்கிக்கொள்ளுங்கள்; திரும்பும்போது பாதமும் சேர்ந்து திரும்பினால் மூட்டு முறுகாது.

பெல்ட் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளை உடுப்பும் பெல்ட் முறையும் கராத்தேக்கு ஜூடோவிலிருந்து வந்தவை; ஜூடோவை அமைத்தவர் கானோ ஜிகோரோ. ஒகினாவா மாஸ்டர் ஃபுனகோஷி கிச்சின் 1922-ல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்து காட்டிய பிறகுதான் இந்த வழக்கம் கராத்தேக்குள் வந்தது. அதற்கு முன் ஒகினாவாவில் பெல்ட் இல்லாமலேயே பல தலைமுறை கற்றார்கள். டெஸ்ட் வந்தால் எழுதுங்கள், தோற்றால் அடுத்த முறை. பெல்ட் நிறத்துக்காகக் கிளாஸ் மாறாதீர்கள்.

ஒரு வருடம் கழித்து

பன்னிரண்டாம் மாதம் உங்களை நீங்களே சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். சுவரோரம் கண்ணை மூடி நில்லுங்கள். ஜோடி ஏதாவது ஒரு பிடி பிடிப்பார், அப்போதுதான் கண்ணைத் திறக்கலாம். பிடி விடுபட்டு வாசலைத் தொடும் வரை எத்தனை நொடி என்று ஒருவர் எண்ணட்டும். பத்து முறை. எத்தனை முறை கையை உதறிக்கொண்டு நின்றீர்கள், எத்தனை முறை பிடியைப் பிடித்தீர்கள், எத்தனை முறை ஓட மறந்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

இரண்டாம் வருடத்தில் ஒரே ஒரு கட்டாவை எடுத்து முழுக்க ஜோடியோடு பிரித்துப் பார்க்கலாம். நாங்கள் நைஹான்சியை எடுத்தோம். ஷோட்டோகானில் அதன் பெயர் டெக்கி. முழுக் கட்டாவும் ஒரே கோட்டில் பக்கவாட்டிலேயே போகும், இரண்டு பைக்குகளுக்கு நடுவில் செய்துவிடலாம். தொடக்கத்தில் ஒரு கை விரிந்து பக்கவாட்டில் நீளும், அடுத்து மற்ற முழங்கை வந்து அந்த உள்ளங்கையில் அடிக்கும். விரிந்த கை ஒருவர் பின்கழுத்தைப் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால் முழங்கை எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். எட்டு மாதமாக அந்த இரண்டு அசைவிலேயே இருக்கிறோம். போன வாரம் அக்கா அதில் புதிதாக ஒரு பிடியைக் கண்டுபிடித்தார், வியாழக்கிழமை அதைத்தான் எல்லாரும் பழகப் போகிறோம்.